கடன் வாங்கிய திண்டுகள்

பங்சாரில் உள்ள ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், படிவம் நான்கு பயிலும் மாணவி ஒருத்தி பேச்சுப் போட்டிக்காகத் தன் உரையைப் பதிவு செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உரை நன்றாக அமைந்திருக்கிறது, உச்சரிப்பிலும் குறையில்லை. ஆனால், பதிவைப் போட்டுக் கேட்டால், குளியலறைக்குள் நின்று பேசியதைப் போல் ஒலிக்கிறது. ஒரு சொல் முடிவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிக்கொள்கிறது. வல்லினமும் மெல்லினமும் குழம்பிப் போகின்றன. குறை ஒலிவாங்கியில்தான் இருக்கிறது என்று அவள் எண்ணுகிறாள். விலை உயர்ந்த ஒலிவாங்கி ஒன்றை வாங்கித் தரும்படி அப்பாவிடம் கேட்கிறாள்.

உண்மையில் குறை ஒலிவாங்கியில் இல்லை, அறையில் இருக்கிறது. ஓடு பதித்த தரை, சிமெண்டு பூசிய சுவர், கண்ணாடிச் சன்னல் ஆகிய மூன்றும் ஒலியை விழுங்காமல் திருப்பி அனுப்புகின்றன. பங்சாருக்கு அருகிலேயே மலேசிய வானொலி, தொலைக்காட்சி நிலையங்கள் இயங்கும் அங்காசபுரி இருக்கிறது. அத்தகைய நிலையங்களின் ஒலிப்பதிவுக் கூடங்களில் சுவர்கள் வெறுமையாக விடப்படுவதில்லை. மென்மையான பலகைகளும் துணியும் அவற்றை மூடியிருக்கும். எந்தச் சுவரை எவ்வளவு மூட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கை உலகுக்குத் தந்தவர் வாலஸ் கிளமென்ட் சபைன். பெரிய ஆய்வுக்கூடமோ பெரும் பொருட்செலவோ இன்றி, பிறர் இருக்கைகளிலிருந்து கடன் வாங்கிய திண்டுகளைக் கொண்டு அவர் அதனைக் கண்டறிந்தார்.

இளமையும் கல்வியும்

சபைன் 1868ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள ரிச்வுட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தம் பிள்ளைகள் நன்கு கற்க வேண்டும் என்பதில் அவருடைய தாயார் மிகுந்த உறுதி கொண்டிருந்தார். சபைனும் இளமையிலேயே படிப்பில் சிறந்து விளங்கினார். மற்றவர்கள் பல்கலைக்கழகத்தில் அடியெடுத்து வைக்கும் வயதில், அதாவது பதினெட்டாம் வயதில், 1886ஆம் ஆண்டு ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

அதன்பின் மேற்படிப்புக்காக ஹார்வர்டு பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். 1888ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டம் பெற்று, சில காலத்தில் அங்கேயே இயற்பியல் ஆசிரியரானார். அவர் முனைவர்ப் பட்டத்திற்குப் படிக்கவில்லை. மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதிலும், அவர்களுக்கான ஆய்வுக்கூடப் பணிகளைச் செம்மைப்படுத்துவதிலும் தம் நேரத்தைச் செலவிட்டார். தம் பெயரை நிலைநாட்டும் ஆராய்ச்சி எதையும் அவர் அதுவரை செய்திருக்கவில்லை. நல்ல ஆசிரியர் என்ற பெயர் மட்டுமே அவருக்கு இருந்தது.

பேச்சு புரியாத கூடம்

1895ஆம் ஆண்டில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடம் என்னும் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. அதில் அழகிய விரிவுரைக் கூடம் ஒன்று இருந்தது. அந்தக் கூடத்தில் விரிவுரை நடத்தியபோதுதான் பெருங்குறை ஒன்று தெரிந்தது. பேசுவது எவருக்கும் புரியவில்லை. அங்கு உச்சரிக்கப்பட்ட ஒரு சொல் ஏறக்குறைய ஐந்தரை விநாடிகள் கூடத்திற்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஒலித்துக்கொண்டிருந்தது. நிதானமாகப் பேசும் ஒருவர்கூட அந்த நேரத்திற்குள் பன்னிரண்டு, பதினைந்து அசைகளை உச்சரித்துவிடுவார். பழைய அசைகள் அடங்குவதற்குள் புதிய அசைகள் வந்து சேர்ந்ததால், மாணவர்களின் காதுகளில் வெறும் இரைச்சலே விழுந்தது.

ஒலி நின்ற பிறகும் அது அறைக்குள் பலமுறை பட்டுத் தெறித்து நீடிப்பதை எதிர்முழக்கம் என்கிறோம். எதிரொலி என்பது வேறு. மலையடிவாரத்தில் நின்று கூவினால், சற்று நேரம் கழித்து அதே கூவல் தனியாகத் திரும்பி வருகிறது, அது எதிரொலி. எதிர்முழக்கத்திலோ, ஆயிரக்கணக்கான தெறிப்புகள் பிரித்தறிய முடியாதபடி ஒன்றோடொன்று கலந்து, மெல்ல மெல்லத் தேய்ந்து மறைகின்றன.

அக்காலத்தில் இக்குறையைத் தீர்க்க உறுதியான வழி எதுவும் இல்லை. கூடத்தின் நீள அகலங்களுக்கிடையே குறிப்பிட்ட விகிதம் இருந்தால் ஒலி நன்றாக இருக்கும் என்று சிலர் நம்பினர். மேற்கூரைக்குக் கீழே கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினால் ஒலி அடங்கும் என்று வேறு சிலர் நம்பினர். கட்டி முடித்த பிறகே ஒரு மண்டபம் நல்லதா கெட்டதா என்பது தெரியும் என்ற நிலையில்தான் கட்டடக் கலைஞர்கள் இருந்தனர்.

ஹார்வர்டின் தலைவர் சார்ல்ஸ் எலியட் இச்சிக்கலைத் தீர்க்கும் பொறுப்பை இயற்பியல் துறையிடம் ஒப்படைத்தார். அத்துறையில் இருந்த மூத்தவர்கள் இதனைத் தீராத சிக்கலாகவே கருதினர். இறுதியில் பொறுப்பு இருபத்தேழு வயது இளைஞரான சபைனிடம் வந்து சேர்ந்தது.

நள்ளிரவில் ஓர் ஆய்வு

ஹார்வர்டில் சான்டர்ஸ் அரங்கம் என்ற மற்றோர் அரங்கமும் இருந்தது. அங்கு பேசுவது தெளிவாகக் கேட்டது. அதன் இருக்கைகளில் தடித்த திண்டுகள் போடப்பட்டிருந்தன. மென்மையான பொருள்கள் ஒலியைக் குறைக்கும் என்பது சபைனுக்கு முன்பும் பலருக்குத் தெரிந்ததே. ஆனால், எவ்வளவு பொருள் எவ்வளவு ஒலியைக் குறைக்கும் என்று எவரும் அளந்து பார்த்ததில்லை. சபைன் அதை அளக்க முடிவு செய்தார்.

பகலில் அந்த ஆய்வைச் செய்ய இயலவில்லை. கட்டடத்தில் மாணவர்களின் நடமாட்டம் இருந்தது. தெருவில் டிராம் வண்டிகள் ஓடின. ஆகவே, ஊர் உறங்கிய பிறகு அவர் தம் வேலையைத் தொடங்கினார். நள்ளிரவில் உதவியாளர்களுடன் சான்டர்ஸ் அரங்கத்திற்குச் சென்று திண்டுகளைத் தூக்கி வருவார். அவற்றைப் பரப்பி வைத்து அளவெடுப்பார். பொழுது விடிவதற்குள் எல்லாத் திண்டுகளையும் திரும்பக் கொண்டுபோய் அவற்றின் இடத்திலேயே வைத்துவிடுவார். மறுநாள் காலையில் வழக்கம்போல் வகுப்புக்குச் சென்று பாடம் நடத்துவார். இப்படி ஓரிரு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் உழைத்தார்.

அவருடைய கருவிகளும் எளியவையே. ஆர்கன் என்னும் இசைக்கருவியின் குழல் ஒன்றைக் காற்றழுத்தத்தால் ஊதச் செய்வார். விநாடிக்கு 512 அதிர்வுகள் கொண்ட ஒலி கூடத்தை நிரப்பும். பிறகு காற்றை நிறுத்திவிட்டு, ஒலி முற்றிலும் மறையும் கணம்வரை ஆகும் நேரத்தைப் பதிவு செய்வார். ஒலி மறைந்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது அவருடைய காது மட்டுமே.

திண்டுகளே இல்லாதபோது ஒலி மறைய ஏறத்தாழ 5.6 விநாடிகள் ஆயின. முதலில் சில திண்டுகளைக் கொண்டுவந்தார். நேரம் சற்றுக் குறைந்தது. மேலும் சிலவற்றைக் கொண்டுவந்தார், இன்னும் குறைந்தது. இருக்கைகள் நிரம்பிய பின் நடைபாதைகளிலும் மேடையிலும் பரப்பினார், சுவரோரமாகவும் அடுக்கினார். சான்டர்ஸ் அரங்கத்தின் திண்டுகள் அனைத்தும் வந்து சேர்ந்தபோது, அந்த நேரம் 1.14 விநாடியாகக் குறைந்திருந்தது.

உடுப்பு கெடுத்த கணக்கு

ஆய்வு நன்றாக நடந்துகொண்டிருந்தபோது சபைனுக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒரே நிலையில் எடுத்த அளவுகள் சில நாள்களில் சிறிதளவு மாறுபட்டன. காரணத்தைத் தேடியபோது, குறை தம்மிடமே இருப்பதை அவர் உணர்ந்தார். கூடத்தில் அமர்ந்து அளவெடுக்கும் ஆளின் உடுப்பும் ஒலியை உறிஞ்சுகிறது. தடித்த மேலங்கி அணிந்த நாளில் ஓர் அளவும், மெல்லிய உடுப்பு அணிந்த நாளில் மற்றோர் அளவும் கிடைத்திருந்தன.

அந்த வேறுபாடு மிகச் சிறியது. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தாலும் எவரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால், சபைன் அப்படி விடவில்லை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளை ஒதுக்கித் தள்ளினார். எத்தனையோ இரவுகளின் உழைப்பு வீணாயிற்று. அதன்பின் ஆய்வு செய்யும் ஒவ்வோர் இரவும் ஒரே வகையான உடுப்பை அணிந்துகொண்டு, முதலிலிருந்து தொடங்கினார்.

திறந்த சன்னல் தந்த அளவுகோல்

துணியை மீட்டரால் அளக்கிறோம். அரிசியைக் கிலோகிராமால் நிறுக்கிறோம். ஒலியை உறிஞ்சும் ஆற்றலை எதனால் அளப்பது? தொடக்கத்தில் திண்டின் நீளத்தையே சபைன் அளவாகக் கொண்டார். ஆனால், ஹார்வர்டின் திண்டு பிற ஊரில் கிடைக்காது. எல்லாருக்கும் எங்கும் பொதுவாக இருக்கும் ஓர் அளவு தேவைப்பட்டது.

அவர் தேர்ந்தெடுத்தது திறந்த சன்னல். திறந்த சன்னலை அடையும் ஒலி வெளியே போய்விடும். அறைக்குள் திரும்பி வராது. எனவே, ஒரு சதுர மீட்டர் திறந்த சன்னல் ஒலியை முழுமையாக உறிஞ்சுவதற்கு நிகரானது. அதன் மதிப்பை ஒன்று என்று வைத்துக்கொண்டால், மற்றப் பொருள்களை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லலாம். செங்கல் சுவரின் மதிப்பு 0.025, கண்ணாடியின் மதிப்பு 0.027. தடித்த தரைவிரிப்பின் மதிப்பு 0.29. விலங்கு மயிரை அழுத்திச் செய்த தடித்த கம்பளத்தைச் சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு மாட்டினால் அதன் மதிப்பு 0.78. அவையில் அமர்ந்திருக்கும் மனிதர் ஒவ்வொருவரும் ஏறக்குறைய அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்கு நிகர். மக்கள் நிறைந்த மண்டபத்தில் பேச்சு தெளிவாகவும், வெறும் மண்டபத்தில் குழப்பமாகவும் கேட்பதன் காரணம் இதுதான்.

இவ்வாறு பல அறைகளில் அளவெடுத்தும், எல்லாவற்றையும் இணைக்கும் விதி அவருக்குப் புலப்படவில்லை. 1898ஆம் ஆண்டில், பாஸ்டன் நகரில் எழவிருந்த புதிய இசை மண்டபத்திற்கு அறிவுரை கூற அவரை அழைத்தனர். விதி தெரியாமல் அறிவுரை கூற அவர் தயங்கினார். சில நாள் அவகாசம் பெற்றுக்கொண்டு, தம் குறிப்பேடுகளை மீண்டும் ஆராய்ந்தார். 1898ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் மாலையில் அந்த விதி பிடிபட்டது. மகிழ்ச்சியை அடக்க முடியாமல் அவர் அதனை முதலில் தம் தாயாரிடமே கூறினார்.

விதி மிக எளிமையானது. அறையின் மொத்த உறிஞ்சும் ஆற்றல் இரு மடங்கானால், எதிர்முழக்க நேரம் பாதியாகிறது. ஒன்று ஏற, மற்றொன்று இறங்குகிறது. இரண்டையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண் வருகிறது. அந்த எண் அறையின் கன அளவைப் பொறுத்தது. அறையின் கன அளவை 0.16ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சும் ஆற்றலால் வகுத்தால், எதிர்முழக்க நேரம் விநாடிக் கணக்கில் கிடைத்துவிடும். அறையைக் கட்டுவதற்கு முன்பே, அது எப்படி ஒலிக்கும் என்று தாளில் கணக்கிட மனிதனால் முடிந்தது அதன் பிறகுதான்.

இதற்கிடையில் ஃபாக் கூடத்தின் சுவர்களில் கம்பளம் பொருத்தப்பட்டது. அந்தக் கூடம் மிகச் சிறந்த கூடமாகிவிடவில்லை. ஆயினும், அங்கு பேசுவது புரியத் தொடங்கியது.

புகழும் பழியும்

பாஸ்டன் இசை மண்டபம் சபைனின் கணக்கைக் கொண்டு கட்டப்பட்டது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இருந்த புகழ்பெற்ற இசை மண்டபத்தையும், பாஸ்டனின் பழைய மண்டபத்தையும் ஒப்பிட்டு, புதிய மண்டபத்தின் எதிர்முழக்க நேரம் 2.31 விநாடியாக இருக்கும் என்று அவர் கணித்தார். 1900ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் அம்மண்டபம் திறந்து வைக்கப்பட்டது.

பாராட்டியவர்கள் பலர் இருந்தனர். குறை கூறியவர்களும் இருந்தனர். நாளிதழ்களில் எழுதிய இசை விமர்சகர் சிலர், மண்டபத்தின் ஒலி தங்களுக்கு நிறைவளிக்கவில்லை என்று எழுதினர். இயல்பிலேயே அடக்கமும் மென்மையும் கொண்ட சபைனை இது வருத்தியது. ஆயினும், அவர் எவருடனும் வாதிடவில்லை. தம் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். பிற்காலத்தில் அளந்து பார்த்தவர்கள், மக்கள் நிறைந்திருக்கும்போது அம்மண்டபத்தின் எதிர்முழக்க நேரம் அவர் கணித்ததைவிடக் குறைவாக இருப்பதைக் கண்டனர். முதன்முதலில் போட்ட கணக்கில் அப்பிழை இருந்தது உண்மைதான். ஆனால், அந்த மண்டபம் இன்றும் உலகின் மிகச் சிறந்த இசை மண்டபங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. காலம் அவர் பக்கம் நின்றது.

சிறிய அறைகளும் நுண்ணிய செவிகளும்

சபைனின் ஆய்வுகளுள் நம் வீட்டு அறைக்கு மிக நெருக்கமானது 1902ஆம் ஆண்டில் நடந்தது. பாஸ்டனில் உள்ள இசைக் கல்லூரி ஒன்றில் பியானோ கற்பிக்கும் சிறிய அறைகளின் ஒலி நன்றாக இல்லை என்று தெரியவந்தது. இசை வல்லுநர் ஐவர் ஒவ்வோர் அறைக்கும் வந்து பியானோ இசையைக் கேட்டனர். திண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கொண்டுவந்தும், வெளியே எடுத்தும் ஒலி மாற்றப்பட்டது. எந்த நிலையில் இசை மிக இனிமையாக இருக்கிறது என்று அவர்கள் செவியை மட்டுமே நம்பித் தீர்ப்புக் கூறினர்.

பிறகு அந்நிலைகளின் எதிர்முழக்க நேரத்தைச் சபைன் கணக்கிட்டார். ஐந்து அறைகளுக்கும் கிடைத்த விடைகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அவற்றின் சராசரி 1.08 விநாடி. இனிமை என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது என்றுதான் அதுவரை எல்லாரும் எண்ணியிருந்தனர். பயின்ற செவிகள் சிறிய வேறுபாட்டையும் உணர்ந்து, ஒரே இடத்தில் வந்து நிற்கும் என்பதை அந்த ஆய்வு காட்டியது. மற்றோர் உண்மையும் தெளிவாயிற்று. திண்டுகளை அளவுக்கு மீறி அடுக்கினால் இசை உயிரற்றுப் போகும். எதிர்முழக்கத்தை அடியோடு ஒழிப்பது நோக்கமன்று. தேவையான அளவுக்குக் கொண்டுவருவதே நோக்கம்.

ஒலியின் சுருதி மாறினால் பொருள்களின் உறிஞ்சும் ஆற்றலும் மாறும் என்பதையும் அவர் ஆராய்ந்தார். ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்கு ஒலி ஊடுருவுவதைத் தடுப்பது முற்றிலும் வேறான சிக்கல் என்பதையும் உணர்ந்து, அதனையும் தனியே ஆராய்ந்து 1915ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டார்.

இறுதிக் காலம்

ஹார்வர்டில் சபைன் பேராசிரியராகவும் அறிவியல் பள்ளியின் தலைவராகவும் உயர்ந்தார். முதல் உலகப்போரின்போது ஐரோப்பாவுக்குச் சென்று பணியாற்றினார். பின்னர் நாடு திரும்பி, வாஷிங்டனில் வானூர்தித் தயாரிப்புத் தொடர்பான அரசுப் பணியில் ஈடுபட்டார். அதே வேளையில் ஹார்வர்டில் பாடம் நடத்துவதையும் அவர் விடவில்லை. இரண்டு நகரங்களுக்கும் இடையே ஓயாமல் பயணம் செய்தார்.

அப்போது அவரைச் சிறுநீரக நோய் வாட்டியது. அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டபோதும், கடமை முடியட்டும் என்று அதனைத் தள்ளிப்போட்டார். போர் முடிந்து இரண்டு மாதங்களுக்குள், 1919ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், தம் ஐம்பதாம் வயதில் அவர் காலமானார். அவருக்கென்றே இலினாய் மாநிலத்தின் ஜெனீவா நகரில் ரிவர்பேங்க் என்னும் ஒலியியல் ஆய்வுக்கூடம் கட்டப்பட்டிருந்தது. வாழ்நாள் முழுவதும் இரவல் பொருள்களைக் கொண்டு ஆராய்ந்தவருக்கு, தமக்கெனக் கட்டப்பட்ட ஆய்வுக்கூடத்தில் பணியாற்றும் வாய்ப்புக் கிட்டவில்லை. அவருடைய உறவினரான பால் சபைன் அங்கு ஆய்வைத் தொடர்ந்தார். சபைனின் கட்டுரைகள் 1922ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. ஒலி உறிஞ்சும் ஆற்றலின் அலகு இன்றும் அவருடைய பெயராலேயே வழங்கப்படுகிறது.

மீண்டும் பங்சார் அறைக்கு

இனி, பங்சார் மாணவியின் அறைக்குத் திரும்புவோம். அறையின் நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் 2.8 மீட்டர் என்று கொள்வோம். அதன் கன அளவு 33.6 கன மீட்டர். அதை 0.16ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 5.4 வரும். சுவர், தரை, கூரை, கதவு ஆகியவை வெறுமையாக இருந்தால், அவற்றின் மொத்த உறிஞ்சும் ஆற்றல் சுமார் 2.5 மட்டுமே. வகுத்துப் பார்த்தால், எதிர்முழக்க நேரம் இரண்டு விநாடிக்கும் மேல். பேச்சுப் பதிவுக்கு ஏறக்குறைய 0.4 விநாடி போதும். அதற்கு உறிஞ்சும் ஆற்றல் 13.5 அளவுக்கு உயர வேண்டும். இன்னும் 11 தேவை.

முதலில் வீட்டில் இருப்பவற்றை எண்ணிப் பார்க்கலாம். கட்டிலில் கிடக்கும் மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தால் அது சுமார் 2 தரும். துணிமணிகள் நிறைந்த அலமாரியின் கதவுகளைத் திறந்து வைத்தால் சுமார் 1.5 கிடைக்கும். சன்னலுக்குத் தடித்த திரைச்சீலை ஒன்றை நிறைய மடிப்புகளுடன் தொங்கவிட்டால் 2 வரும். ஆறு சதுர மீட்டர் தடித்த தரைவிரிப்பு ஏறக்குறைய 1.7 தரும். ஆக மொத்தம் 7.2. இவை தோராயமான மதிப்புகள். சிறிய அறைகளில் கணக்கும் சற்றுப் பிசகும். எனினும், ஒரு ரிங்கிட்கூடச் செலவழிக்காமலேயே எதிர்முழக்க நேரம் ஏறக்குறைய அரை விநாடிக்கு இறங்கிவிடும் என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

எஞ்சிய குறையைப் போக்க ஆறு பலகைகள் போதும். மரச்சட்டத்திற்குள் ராக்வூல் எனப்படும் அடர்ந்த இழைப்பஞ்சை வைத்து, காற்றுப் புகும் துணியால் மூடி, சுவரிலிருந்து சற்று இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். 1.2 மீட்டர் நீளமும் 0.6 மீட்டர் அகலமும் கொண்ட ஆறு பலகைகள் சேர்ந்தால் சுமார் 4 தரும். அந்த இழைகள் தோலையும் மூச்சையும் உறுத்தக்கூடியவை; கையுறையும் முகக்கவசமும் அணிந்து, பெரியவர்களின் உதவியுடன்தான் அவ்வேலையைச் செய்ய வேண்டும்.

பலர் செய்யும் தவறுகள் இரண்டு உள்ளன. ஒன்று, முட்டை அட்டைகளையும் மெல்லிய நுரைத் தகடுகளையும் சுவர் முழுதும் ஒட்டுவது. மெல்லிய பொருள் உச்சச் சுருதி ஒலிகளை மட்டுமே விழுங்கும். தாழ்ந்த சுருதி ஒலியின் அலை சில மீட்டர் நீளமுடையது. அதற்கு மெல்லிய தகடு ஒரு பொருட்டே அன்று. அதனால் பேச்சின் தெளிவு குறைந்து, மந்தமான முழக்கம் மட்டும் எஞ்சி நிற்கும். முட்டை அட்டைகள் எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. இரண்டாவது தவறு, மென்மையான பலகைகள் வெளி ஓசையைத் தடுத்துவிடும் என்று நம்புவது. அவை அறைக்குள் பிறக்கும் ஒலியைத்தான் அடக்கும், எல்.ஆர்.டி. இரயிலின் ஓசையையும் சாலையின் இரைச்சலையும் தடுக்க மாட்டா. அதற்குக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும். செலவில்லாத வழி ஒன்றும் உண்டு. டிராம் வண்டிகள் ஓயும்வரை சபைன் காத்திருந்ததைப் போல, அமைதியான நேரத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

வேலையைத் தொடங்கும் முன் மாணவி ஒன்று செய்ய வேண்டும். வெறும் அறையில் ஒருமுறை கைதட்டி, அதனைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ள வேண்டும். மெத்தையைச் சாய்த்த பின் மீண்டும் ஒருமுறை. திரைச்சீலை தொங்கவிட்ட பின் மற்றொரு முறை. ஒலிவாங்கியை ஒரே இடத்தில் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். எந்தப் பொருள் எவ்வளவு உதவியது என்பதை அந்தப் பதிவுகளே சொல்லிவிடும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்பர் நம் முன்னோர். அளந்து பார்க்காமல் பணத்தைச் செலவழிப்பதும் அத்தகையதே.

சபைனிடம் இருந்தவை கூர்மையான செவி, கடன் வாங்கிய திண்டுகள், தம் தவற்றைத் தாமே கண்டு திருத்திக்கொள்ளும் நேர்மை ஆகியவையே. மூவாயிரம் அளவீடுகளை ஒதுக்கிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்கிய அந்த மனத்திண்மையால்தான், இன்று பங்சாரில் ஒரு மாணவி தன் அறையின் நீள அகலங்களை அளந்து, தாளில் கணக்கிட்டு, தன் குரல் தெளிவாகக் கேட்கும்படி செய்துகொள்ள முடிகிறது. புதிய ஒலிவாங்கி வேண்டும் என்று கேட்டவள், இப்போது அப்பாவிடம் கேட்க வேண்டியது மெத்தையைத் தூக்க ஒரு கை மட்டுமே.